திருச்சுழி வீட்டின் வரவு செலவு

அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே திருச்சுழிக்குச் செல்லும் சாலையில் போவோர்க்கு இருமருங்கும் கரிசற் காடும், இடையிடையே நீர் வற்றிய கண்மாய்களும், எங்கு நோக்கினும் சீமைக்கருவேல முள்ளுமே காட்சி தரும். வானத்தை நம்பி விதைக்கும் பூமி இது. ஐப்பசியில் மழை பொய்த்தால் பருத்தியும் இல்லை, உளுந்தும் இல்லை. மழை மிகுந்தாலோ தறிக்குழியில் நீர் ஊறும், பாவு உலராது, நெசவு நின்றுபோகும். உழவர் மழையை வேண்டி நிற்க, அதே நாளில் நெசவாளர் வெயிலை வேண்டி நிற்க, இரண்டு விண்ணப்பங்களையும் ஒருங்கே பெறும் இறைவனின் நிலையைக் கருதினால், கூட்டுறவுச் சங்கத் தலைவர் பதவி அதனினும் எளிதென்றே தோன்றும்.

இத்தகைய பூமியில் வாழும் மக்கள் இறைவனை எட்டி நின்று தொழுவதில்லை. வீட்டுப் பெரியவரிடம் பேசுவது போலவே பேசுவர். மழை பெய்தால் பொங்கலிடுவர், பெய்யாவிட்டால், “இன்னும் எத்தனை நாள் உறங்குவதாக உத்தேசம்?” என்று கோயில் வாசலிலேயே கேட்டும் விடுவர். நன்றியும் நகையும் ஒரே நாவில் பிறப்பது இங்கு புதிதன்று. குடும்ப வாழ்விலும் சமய வாழ்விலும் இவ்விரண்டும் எவ்வாறு ஒன்றையொன்று தாங்கி நின்றன என்பதற்கு, நம் திருச்சுழியிற் பிறந்த ஒருவரின் வரலாற்றையே இத்திங்கள் உறுப்பினர்களுடன் எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

தோழரும் தலைவரும்

திருச்சுழி குண்டாற்றின் கரையில் அமைந்த பழம்பதி. பாண்டி நாட்டில் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் பதினான்கு. அவற்றுள் ஒன்று இது. திருமேனிநாதரும் துணைமாலையம்மையும் இங்கு எழுந்தருளியிருக்கின்றனர். இத்தலத்திற்குப் பதிகம் பாடியவர் சுந்தரமூர்த்தி நாயனார்.

சுந்தரரின் வரலாறு சேக்கிழாரால் நாமறிந்ததே. இறைவனிடம் அவருக்கிருந்த உறவு தோழமை. பொன் வேண்டுமெனில் கேட்பார். நெல் வேண்டுமெனில் அதுவும் கேட்பார். குண்டையூரில் மலை போல் நெல் குவிந்தபோது, நெல் கிடைத்த மகிழ்ச்சியோடு நில்லாமல், அதனைத் திருவாரூருக்குச் சுமந்து செல்ல ஆட்களும் வேண்டுமென்று விண்ணப்பித்தார். மானியத்தோடு வண்டிச் சத்தத்தையும் சேர்த்துக் கேட்ட முதல் உறுப்பினர் அவரே எனலாம். விண்ணப்பம் ஏற்கப்பட்டது.

இதனை நாம் விளையாட்டாகச் சொல்லினும் உட்பொருள் ஒன்று உண்டு. உரிமை உள்ள இடத்தில்தான் நகைப்பு பிறக்கும். அஞ்சி நிற்கும் இடத்தில் வாய் திறவாது. வெறுத்து நிற்கும் இடத்தில் ஏச்சுத்தான் வரும். அன்பும் உரிமையும் கூடிய இடத்திலேதான் ஒருவரையொருவர் கேலி செய்து, அதனால் மேலும் நெருங்கி வாழ முடிகிறது. இவ்வழக்கம் திருச்சுழிக் கோயிலை அடுத்த ஒரு வீட்டிலும் இருந்தது.

தந்தை சினந்து சொன்னது

அந்த வீட்டின் தலைவர் சுந்தரமய்யர். பன்னிரண்டாம் வயதில் திங்களுக்கு 2 ரூபாய் ஊதியத்தில் கிராமக் கணக்கரிடம் எழுத்தராகச் சேர்ந்து, பின்னர் மனு எழுதிக் கொடுப்பவராகி, இறுதியில் திருச்சுழி நீதிமன்றத்தில் வழக்காடும் வக்கீலாக உயர்ந்தவர். சட்டப் பட்டம் பெற்றவரல்லர். எனினும் ஊரார் நம்பிக்கையைப் பெற்றவர். தம் இல்லத்தின் ஒரு பகுதியைக் குடும்பத்திற்கும் மறுபகுதியை ஊருக்குப் புதிதாக வருவோர்க்கும் ஒதுக்கியிருந்தார். அவருடைய இல்லத்தரசி அழகம்மாள். இவர்களுக்கு 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், ஆருத்ரா தரிசன வேளையில் பிறந்த இரண்டாம் மகன் வேங்கடராமன். பிற்காலத்தில் உலகம் இரமண மகரிஷி என்று போற்றியது இவரையே.

சிறுவன் வேங்கடராமன் ஒருநாள் தந்தையின் பழைய வழக்குக் கட்டுகளை எடுத்துக் காகிதக் கப்பல்கள் செய்து நீரில் மிதக்க விட்டான். வக்கீல் வீட்டில் இதைவிடப் பெரிய குற்றம் இருக்க முடியாது. சுந்தரமய்யர் கடுஞ்சினங்கொண்டு, இப்பயலை மொட்டையடித்து, கோவணத்தைக் கட்டி, வீட்டைவிட்டுத் துரத்துங்கள் என்று கூவினார். சிறுவன் கோயிலுக்கு ஓடி, அம்மன் சந்நிதியில் திருவுருவத்தின் பின்னே ஒளிந்துகொண்டான். வீட்டார் எங்கும் தேடிச் சலித்தனர். கடைசியில் பூசைக்கு வந்த அர்ச்சகரே அவனைக் கண்டு, தேற்றி, வீடு சேர்த்தார்.

சினத்தில் வாய்க்கு வந்தபடி தந்தையர் சொல்லும் சொற்கள் எத்தனையோ காற்றோடு போகின்றன. இந்தச் சொல் மட்டும் எழுத்துக்கு எழுத்து நிறைவேறிற்று. மகன் தலையை மழித்தான், கோவணம் தரித்தான், வீட்டைவிட்டு வெளியேறினான், அம்மையின் நிழலில் ஒளிந்தவன் அப்பனின் மலையடியிற் போய் அமர்ந்தான். இந்நிகழ்ச்சியைப் பின்னாளில் மகரிஷியே அடியார்களுக்குச் சொல்லிச் சிரித்ததுண்டு. தந்தையின் சினத்தையும் ஓர் ஆசியாகப் பேரேட்டில் வரவு வைத்துக்கொள்ளும் மனம் எல்லோர்க்கும் வாய்ப்பதன்று.

கையொப்பமில்லாத ரசீது

1892ஆம் ஆண்டு சுந்தரமய்யர் காலமானார். வீடு இரண்டாகப் பிரிந்தது. மூத்த மகன் நாகசாமியும் வேங்கடராமனும் மதுரையில் சிற்றப்பா சுப்பய்யர் இல்லத்தில் தங்கிப் படிக்கலாயினர். தாயார் இளைய மகன் நாகசுந்தரத்தையும் மகள் அலமேலுவையும் அழைத்துக்கொண்டு மானாமதுரைக்குச் சென்றார்.

மதுரையில் வேங்கடராமனுக்குப் பெரியபுராணம் கையிற் கிட்டியது, படித்து உருகினான். 1896ஆம் ஆண்டு அவனுக்கு ஏற்பட்ட மரண அநுபவமும், அதன்பின் பள்ளிப் படிப்பில் அவன் நாட்டமிழந்ததும், ஆகஸ்டு 29ஆம் நாள் தமையன் கடிந்துகொண்டதும், அன்றே அவன் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டதும் பல நூல்களில் விரிவாகக் கூறப்பட்டுள்ளன. கூட்டுறவுத் துறையில் கணக்குப் பார்த்துப் பழகிய நமக்கு அந்தப் பயணத்தின் கணக்கே பெரிதும் சுவையாக இருக்கிறது.

கல்லூரிச் சம்பளம் கட்டுவதற்காகப் பெட்டியிலிருந்து 5 ரூபாய் எடுத்துச் செல்லுமாறு தமையன் சொல்லியிருந்தார். பையன் வழிச்செலவுக்கு 3 ரூபாய் போதுமென்று மதிப்பிட்டு அதை மட்டும் எடுத்துக்கொண்டான். எஞ்சிய 2 ரூபாயைக் கடிதத்துடன் வைத்தான். தன்னைத் தேடிப் பணம் செலவிட வேண்டாமென்றும், தமையனின் சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை என்றும், மீதித் தொகை இதனுடன் இருக்கிறதென்றும் அக்கடிதத்தில் தெரிவித்தான். உலகைத் துறந்து போகும் வேளையில்கூட இருப்புத் தொகையை ஒப்படைத்துவிட்டுப் போனவன் அவன். ஆனால் கையொப்பமிட வேண்டிய இடத்தில் பெயருக்குப் பதிலாகக் கோடுதான் இருந்தது. நம் தணிக்கையில் இவ்வாறு ஒரு சீட்டு அகப்பட்டால் ஆட்சேபக் குறிப்பு எழுதாமல் விட மாட்டோம். ‘நான்’ என்பது யார் என்று ஆராயப் புறப்பட்டவன் எப்பெயரில் கையொப்பமிடுவான் என்று அவன் திருப்பிக் கேட்டால், விடை கூற நம் துறையில் விதி எதுவும் இல்லை.

திண்டிவனத்துக்கு இரயில் கட்டணம் 2 ரூபாய் 13 அணா. கையிருப்பு 3 அணா. விழுப்புரத்தில் இறங்கி, சில்லறை தீரும்வரை இரயிலிலும் பின்பு நடையாகவும் சென்று, பசியும் களைப்புமாகக் கீழூரை அடைந்தான். அன்று கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் என்னும் பெரியவர் இல்லத்தில் பசியாற உணவு கிடைத்தது. தன் காதிலிருந்த கடுக்கன்களை அடகாகப் பெற்றுக்கொண்டு 4 ரூபாய் தருமாறு கேட்டான். கடுக்கன்களின் மதிப்போ ஏறத்தாழ 20 ரூபாய். பாகவதர் கடன் கொடுத்து, மீட்டுக்கொள்வதற்காகத் தம் முகவரி எழுதிய சீட்டும் கொடுத்து, வழிக்குப் பலகாரமும் கட்டிக்கொடுத்தார். பையன் சிறிது தொலைவு சென்றதும் சீட்டைக் கிழித்தெறிந்தான். நகைக்கடன் வரலாற்றில் ஐந்திலொரு பங்கு தொகைக்கு நகையை வைத்து, ரசீதையும் கிழித்துப் போட்டு, மகிழ்ச்சியோடு நடந்து சென்ற கடன்தாரர் வேறொருவர் இருப்பாரென நாம் கருதவில்லை. செப்டம்பர் 1ஆம் நாள் அவன் அண்ணாமலையாரின் சந்நிதியை அடைந்தான்.

கடனில் போன வீடு

இதுவரை சிரித்தோம். இனித் தாயின் பக்கத்துக் கணக்கையும் காண வேண்டும். கணவரை இழந்து நான்கே ஆண்டுகளில் பதினாறு வயது மகனையும் இழந்தவர் அழகம்மாள். அவன் உயிருடன் இருக்குமிடம் தெரியவந்து, 1898ஆம் ஆண்டு மூத்த மகனுடன் திருவண்ணாமலை சென்று, பவழக்குன்றில் அவனைக் கண்டார். சடை திரிந்து, மேனி அழுக்கேறி, பேச்சற்றிருந்தவனைத் தாய் அடையாளம் கண்டுகொண்டார். வீட்டுக்கு வருமாறு நாள்தோறும் மன்றாடினார்; பலகாரம் செய்து கொணர்ந்தார்; அழுதார். மகன் வாய் திறக்கவில்லை. சுற்றியிருந்தோர் வேண்டிக்கொண்டதன்மேல், வினைப்பயனை எவராலும் மாற்ற இயலாதென்னும் கருத்தில் ஒரு தாளில் சில வரிகள் மட்டும் எழுதிக் கொடுத்தான். தாய் வெறுங்கையுடன் திரும்பினார்.

1900ஆம் ஆண்டு மூத்த மகன் நாகசாமி இறந்தார். அதே காலத்தில் திருச்சுழி வீடும் கடனை அடைப்பதற்காக விற்கப்பட்டது. வழிப்போக்கர்க்கெல்லாம் ஒரு பாதியைத் திறந்து வைத்திருந்த வீடு, குடும்பத்துக்கே இல்லாமற் போயிற்று.

இந்த இடத்தில் கூட்டுறவாளர் சற்று நின்று நினைக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது 1904ஆம் ஆண்டில்தான். சென்னை மாகாணத்தில் முதற் கடன் சங்கம் திரூரில் அவ்வாண்டே தோன்றியது. அதற்கு முன் நல்ல மனிதர் ஒருவரின் குடும்பம் இடர்ப்பட்டால், அதற்கு நாடத் தக்கவர் உறவினரும் வட்டிக்கடைக்காரருமே. ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தவரின் மனைவி, தம் துயரை எழுதிக் கொடுக்க எந்த அலுவலகமும் இல்லாத காலத்தில் வாழ்ந்தார். இன்று தவணைக் கெடு நீட்டிப்புக் கேட்டு ஒரு விதவை சங்க வாயிலில் நிற்கும்போது, விதிப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் திருச்சுழி வீட்டை நினைத்துக்கொள்வது நலம்.

மடியும் வெங்காயமும்

1914ஆம் ஆண்டு அழகம்மாள் திருவண்ணாமலைக்கு வந்திருந்தபோது கடுங்காய்ச்சலுற்றார். அப்போது மகரிஷி இரவும் பகலும் அருகிலிருந்து பணிவிடை செய்ததோடு, தாயின் பிணி நீங்க வேண்டி அருணாசலரிடம் விண்ணப்பித்துப் பாடல்களும் பாடினார். விதியை மாற்ற இயலாதென்று எழுதிக் கொடுத்த அதே மகன், தாய்க்காக மட்டும் விண்ணப்பம் எழுதினார். அம்மையார் நலம் பெற்றார். 1916ஆம் ஆண்டு நிலையாக மகனுடனேயே தங்கிவிட்டார்.

அதுவரை மலைக்குகையில் அடுப்பில்லை. அன்பர் கொணர்வதையும் ஊரிற் கிடைப்பதையும் பகிர்ந்துண்பதே வழக்கம். தாய் வந்தபின் அடுப்பு மூண்டது. எங்கே ஒரு தாய் இருக்கிறாரோ அங்கே சமையல் தொடங்கிவிடும்; துறவு மடமும் இதற்கு விலக்கன்று. இளைய மகன் நாகசுந்தரமும் வந்து துறவு பூண்டு நிரஞ்சனானந்தர் எனப் பெயர் பெற்றார். பின்னாளில் ஆசிரம நிர்வாகத்தையே ஏற்று நடத்தினார். திருச்சுழியில் சிதறிய குடும்பம் மலைமேல் ஒன்றுகூடிற்று.

ஆயினும் தாயாருக்கு ஒரு குறை. மற்றவர்களோடெல்லாம் பேசும் மகன் தொடக்கத்தில் தம்மிடம் மட்டும் விடையளிக்காமல் இருப்பது ஏன்? கேட்டதற்கு, பெண்கள் யாவரும் எனக்குத் தாயரே, நீர் ஒருவர் மட்டுமல்லர் என்ற பொருள்பட மறுமொழி வந்தது. கேட்கச் சற்றுக் கடினமான சொல்தான். ஆனால் கடுமையின் காலம் விரைவில் கடந்தது. கேலியின் காலம் பிறந்தது.

அம்மையார் ஆசாரம் மிக்கவர். ‘மடி’ என்ற சொல் நம் நெசவாளருக்குத் துணியின் மடிப்பைக் குறிக்கும். கடையில் விரித்துக் காட்டியபின் மீண்டும் பழையபடி மடித்து வைத்துவிடலாம். அழகம்மாளின் மடியோ ஒருமுறை கலைந்தால் மறுபடியும் குளித்தால்தான் சீராகும். வேறு குலத்து மாது ஒருத்தியின் சேலை தவறிப் பட்டுவிட்டால் போதும்; அச்சங்கொண்டவர் போல் முகத்தை வைத்துக்கொண்டு, அடடா, மடி போயிற்றே, மதமே போயிற்றே என்று மகன் நகையாடுவார். வெங்காயம் சமையலுக்கு வந்தால், இதோ பார், மோட்சத்துக்கு எத்துணைப் பெரிய தடை என்று தாயை அழைத்துக் காட்டுவார். முத்தியைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் தம் விளைபொருளுக்கு உண்டென்பதை வெங்காயம் பயிரிடும் நம் உறுப்பினர் அறிந்தால், விலை இறங்கும் காலத்தில் அது ஓர் ஆறுதலாகும்.

இக்கேலியின் இயல்பைக் கூர்ந்து நோக்க வேண்டும். மகன் தாயின் ஆசாரத்தை வெறுத்துப் பேசவில்லை; பிறர் முன் தாழ்த்தவுமில்லை. வாதம் புரிந்து வெல்ல முயலவும் இல்லை. வாதத்தில் தோற்ற தாய் மனங்கசந்து ஒதுங்கியிருப்பார். சிரிப்பில் கலந்துகொண்ட தாயோ சிறிது சிறிதாகத் தம் பிடிவாதத்தைத் தாமே நெகிழ விட்டார். நம் இல்லங்களில் முதியோர் ஆசாரத்துக்கும் இளையோர் பழக்கத்துக்கும் நாள்தோறும் வழக்கு நடக்கிறது. பெரும்பாலும் தீர்ப்பு மௌனத்தில் முடிகிறது; ஒருவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போகிறார். அந்த இடத்தில் புண்படுத்தாத ஒரு நகைச்சொல் செய்யும் பணியை எந்தப் பஞ்சாயத்தும் செய்வதில்லை.

அப்பளத்திற்குப் பாட்டு

தாயும் மகனும் சேர்ந்து நமக்கு விட்டுச் சென்ற செல்வங்களுள் தலையாயது அப்பளப் பாட்டு. ஒருநாள் அம்மையார் அப்பளம் இட அமர்ந்தவர், உதவிக்கு மகனை அழைத்தார். மகன் எழுந்து வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே தாயாருக்காக ஒரு பாட்டுக் கட்டினார். நீர் உளுந்து அப்பளம் இடும். யான் வேறோர் அப்பளம் இடுகிறேன் என்பதே அதன் குறிப்பு.

அப்பாட்டின் பொருளை நம் வழக்கில் இவ்வாறு கூறலாம். உடம்பென்னும் வயலில் விளையும் ‘நான்’ என்ற செருக்கே உளுந்து. நான் யார் என்னும் ஆராய்ச்சியே அதை உடைத்துப் பொடியாக்கும் திரிகை. நல்லோர் கூட்டுறவு பிரண்டைச் சாறு. மன அடக்கமும் புலனடக்கமும் சீரகமும் மிளகும். பற்றொழிதல் உப்பு, நல்ல எண்ணங்களின் மணம் பெருங்காயம். சலியாமல் இடித்து, சமமாகத் தேய்த்து, மௌனம் என்னும் பாத்திரத்தில், ஞானத் தீயிற் காய்ந்த பிரம்மம் என்னும் நெய்யிற் பொரித்தெடுக்க வேண்டும்.

அப்பளம் இட்டுப் பழகியவர் எவரும் இப்பாட்டைக் கேட்டவுடன் ஒன்றை உணர்வர்: செய்முறை பிசகவில்லை. எது முன், எது பின் என்பது வரிசை மாறாமல் இருக்கிறது. பிரண்டைச் சாறு சேர்த்தால்தான் மாவு நன்கு பக்குவப்படும் என்பதை அடுக்களையில் நின்று பார்த்தவரே அறிவர். வேதாந்த நூல் பல கற்றும் அடுப்படியை எட்டிப் பாராதவரால் இப்பாட்டை இயற்றியிருக்க முடியாது. உதவிக்கு எழுந்து வராத மகன் தாயின் கைவேலையை எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறார் என்பதற்கு இப்பாட்டே சாட்சி. நன்றி என்பது பல சமயங்களில் நன்றி என்ற சொல்லைச் சொல்வதன்று. அவர் செய்யும் வேலை இன்னதென்று அறிந்திருப்பதே.

உளுந்தும் பிரண்டையும் நம் மானாவாரிப் பூமிக்குரியவை. உளுந்தை விளைவிப்போர் நம் உறுப்பினர்; பிரண்டை வேலியோரத்தில் விதையாமலே படர்ந்து கிடக்கிறது. அந்த உளுந்து அப்பளத்திற்கு உலகியலிலும் ஒரு பெருமை சேர்ந்ததுண்டு. 1959ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆம் நாள், பம்பாயின் கிர்காம் பகுதியில் குடியிருப்பு ஒன்றின் மாடியில், ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் பெற்று அப்பளம் இடத் தொடங்கினர். அதுவே லிஜ்ஜத் என்ற பெயரில் வளர்ந்து, இன்று பல்லாயிரம் மகளிர்க்கு வாழ்வளிக்கிறது. அங்கு உழைப்போர் யாவரும் உரிமையாளர். இலாபமும் நட்டமும் எல்லோர்க்கும் பொது. அதை நிறுவிய பெண்களுள் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட் அம்மையாருக்கு 2021ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நல்லோர் கூட்டுறவைப் பிரண்டைச் சாற்றுக்கு ஒப்பிட்ட பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான உரை வேண்டுமோ?

கந்தலும் கவர்னரும்

நெசவாளருக்கென்று ஒரு செய்தி சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. மலைவாழ்வின் ஆரம்ப நாட்களில் மகரிஷியிடம் இருந்த துண்டு நைந்து, எங்கு பார்த்தாலும் துளையாய்க் கிடந்தது. கண்டவர் ஒருவர், சுவாமி, இத்துண்டு கவர்னருக்கு வேண்டுமாம் என்று கேலியாகச் சொன்னார். அதற்கு அவர், தர முடியாதென்று கவர்னரிடம் சொல்லிவிடு என்று விடையளித்தார். பின்னர் அன்பர் எவரும் கண்டு வருந்தலாகாதென்று அதை மறைத்தே வைத்திருந்தார். கோவணம் கிழிந்தபோது முள்ளொன்றை எடுத்து, அதில் துளையிட்டு ஊசியாக்கி, அதே துணியிலிருந்து நூலை உருவித் தைத்துக்கொண்டார். ஊசியும் நூலும் கேட்டிருந்தால் அன்பர் ஓடிவந்து கொடுத்திருப்பர், அவர் கேட்கவில்லை.

பாவும் ஊடையுமாக இழை இழையாய்க் கோத்து ஒரு துணியை உண்டாக்குவோர் அதன் கடைசி இழை வரை பயன்பட்டதென்று கேட்டால் மகிழ்வர். துணியை நெய்தவருக்குச் செலுத்தத்தக்க நன்றி அதைக் கடைசிவரை உடுத்துவதே.

பொருளுக்குக் காட்டிய இந்த மதிப்பை மனிதர்க்கும் அவர் காட்டினார். கணவரையும் மக்களையும் இழந்த எச்சம்மாள் என்னும் அம்மையார் பல்லாண்டுகள் நாள்தோறும் மலையேறி உணவு கொணர்ந்தார். கீரைப்பாட்டி என்று அழைக்கப்பட்ட ஏழை மூதாட்டி மலைச்சாரலில் கீரை பறித்துச் சமைத்துக் கொடுப்பார். இவர்கள் கொடுத்ததை அவர் இறுதிவரை மறக்கவில்லை. பின்னாளில் ஆசிரமத்தில் லட்சுமி என்றொரு பசு அவரிடம் பேரன்பு காட்டியபோது, கீரைப்பாட்டியே மீண்டும் பிறந்து வந்திருப்பதாக அடியார் கருதினர். 1948ஆம் ஆண்டு அப்பசு இறந்தபோது மனிதர்க்குரிய மரியாதையுடன் சமாதி அமைக்கப்பட்டது. ஆசிரமச் சமையலறையில் விடியற்காலையில் எழுந்து காய் நறுக்கியதும், சிந்திய அரிசியைப் பொறுக்கிச் சேர்த்ததும், தமக்கு ஒன்று பரிமாறினால் பந்தியில் இருக்கும் அனைவர்க்கும் அதையே பரிமாற வேண்டுமென்று வற்புறுத்தியதும் அவர் இயல்பு. சமபங்கு என்று நம் துணைவிதிகளில் அச்சிட்டு வைத்திருப்பது அங்கே இலையில் இருந்தது.

தாயின் மேல் எழுந்த கோயில்

1922ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் அழகம்மாள் மறைந்தார். அன்று முழுதும் மகன் ஒரு கையைத் தாயின் மார்பிலும் மறுகையைத் தலையிலும் வைத்தவாறு அருகில் அமர்ந்திருந்தார். இரவு உயிர் அடங்கியபின், சூழ்ந்திருந்தோர் என்செய்வதென்று தயங்கி நிற்க, வாருங்கள், உண்ணலாம், தீட்டு ஏதுமில்லை என்றார். மடிக்கு அஞ்சி வாழ்ந்த தாய்க்கு மகன் அளித்த கடைசி நற்சான்று அது. கேலியாகத் தொடங்கிய வழக்கு அங்கே மரியாதையாக முடிந்தது.

மலையடிவாரத்தில் தாயை அடக்கம் செய்த இடத்திற்கு மகன் நாள்தோறும் இறங்கி வந்தார். பின் அங்கேயே தங்கிவிட்டார். அவ்விடத்தைச் சுற்றி எழுந்ததே இரமணாசிரமம். சமாதியின் மேல் மாத்ருபூதேசுவரர் ஆலயம் கட்டப்பெற்று 1949ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் குடமுழுக்கு நடந்தது. மறு ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மகரிஷியும் மறைந்தார். கடனில் கைமாறிய திருச்சுழி வீடு ஆசிரமத்தின் பொறுப்பில் வந்து, தந்தையின் பெயர் விளங்கச் சுந்தர மந்திரம் என வழங்கி வருகிறது. வழிப்போக்கர்க்குத் திறந்திருந்த அவ்வாசல் மீண்டும் வருவோர்க்கெல்லாம் திறந்திருக்கிறது. சொத்தென்று எதனையும் தன் பெயரில் வைத்துக்கொள்ளாத மகனால் குடும்பத்தின் சொத்து மீண்டது.

பேரேட்டில் ஏறாத உழைப்பு

நிற்க. தாயின் கைவேலையை உற்றுநோக்கிப் பாட்டுக் கட்டிய மகனைப் போற்றினோம். நம் இல்லங்களில் நிலை என்ன? ஒரு சேலை சங்கத்தில் ஒப்படைக்கப்படும்போது கூலி உறுப்பினர் பெயரில் எழுதப்படுகிறது. அந்தச் சேலைக்குத் தார் சுற்றியவர் யார்? விடியலில் பாவு விரித்துக் கஞ்சியிட்டபோது மறுமுனையில் நின்றவர் யார்? அறுந்த இழையை விளக்கொளியில் முடிந்தவர் யார்? பெரும்பாலும் இல்லத்தரசியும் வீட்டு முதியோரும். அவர்கள் பெயர் பேரேட்டில் இல்லை. காட்டில் களையெடுத்தவர், பருத்தி எடுத்தவர் பெயரும் அவ்வாறே.

2019–20ஆம் ஆண்டில் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் கைத்தறித் தொழிலில் ஈடுபட்டோர் 35 லட்சத்துக்கும் மேற்பட்டவர். அவர்களுள் பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள். இவ்வெண்ணைப் படித்துவிட்டு நம் சங்க உறுப்பினர் பதிவேட்டைப் புரட்டுவோர் தாமே ஒப்பிட்டுக்கொள்ளட்டும்.

வேலை செய்தவர் பெயரை எழுதுவதும் நன்றியே; எல்லா நன்றியினும் அதுவே சங்கத்தின் கையில் இருப்பது. தறியில் பாடுபடும் மகளிரைத் தனி உறுப்பினராகச் சேர்ப்பதும், கூலியை அவர்தம் கணக்கில் வரவு வைப்பதும் பற்றி அடுத்த பேரவைக் கூட்டத்தில் உறுப்பினர்கள் பேசுதல் வேண்டும். அன்று மகளிரும் தவறாது வருவாராக. கூட்டம் முடிந்து வீடு திரும்பும் ஆடவர், மனைவி அப்பளம் இட உதவிக்கு அழைத்தால், பாட்டுக் கட்டித் தப்பித்துக்கொள்ளலாமென்று எண்ண வேண்டாம். அச்சலுகை அவ்வளவு நல்ல பாட்டுக் கட்டத் தெரிந்தவர்க்கு மட்டுமே உரியது. மற்றவர் குழவியைக் கையில் எடுப்பதே முறை.